டிரசரின் எடைக்கணக்கு

பசி என்பது வெறும் அபிப்பிராயம் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டிய புண்ணிய பூமி, கோலாலம்பூர்ப் பக்கத்துக் கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகிற சாலையோரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றுதான். நிரூபித்த மகான், தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரசர் சிவகுருநாதன்.

ரப்பர் விலை தரையில் விழுந்திருந்த காலம் அது. ஆட்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்ற வேண்டும், அதையும் 'மனிதாபிமானத்தோடு' செய்ய வேண்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விரும்பினார். சும்மா இருப்பாரா சிவகுருநாதன்? பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலைக்கு வருகிற சீமைப் பத்திரிகையில் அதற்கு ஒரு விஞ்ஞானமே இருந்தது. ஆளின் எடையை உயரத்தால் வகுக்க வேண்டும்; வந்ததை அதே உயரத்தால் இன்னொரு முறை வகுக்க வேண்டும். விடை அதில் போட்டிருந்த ஒரு கோட்டைத் தாண்டினால் ஆள் தகுதி. கீழே நின்றால் கப்பல். கோடு யாரை அளந்து போட்டது என்றால், மாட்டிறைச்சியும் வெண்ணெயும் தின்று வளர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை. விஞ்ஞானத்துக்கு நிறபேதம் கிடையாது என்று டிரசர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசிலேயே ஆட்களை எடை போட்டார். ஒருத்தியைத் தவிர அத்தனை பேரும் கோட்டுக்குக் கீழே. துரையின் முகம் சிவந்துவிட்டது. அரிசியைக் குறைத்தவர் அவர்தானே. வேறொரு டிரசராக இருந்தால் "சோறு போதவில்லை" என்று உளறிக் கெட்டிருப்பார். சிவகுருநாதன் படித்தவர். கணக்கில் எடை மட்டுமா இருக்கிறது, உயரமும் இருக்கிறதே! எடை குறைவு என்றால் பழி தோட்டத்துக்கு. உயரம் அதிகம் என்றால் பழி அவனவன் அப்பனுக்கு. ஆகவே தோட்டத்து ஜனங்கள் 'தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டவர்கள்' என்று தீர்ப்பாயிற்று. துரை அவருக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தார்.

தவணை தவணையாகக் கப்பல் ஏற்பாடாயிற்று. முதல் கப்பலில் நாகையா. கோட்டைத் தாண்டிய அந்த ஒருத்தி, அவன் மனைவி வள்ளியம்மா. அவளுக்கு நிறைமாதம். அவளைக் காட்டித்தான், தோட்டத்தில் சோற்றுக்குப் பஞ்சமே இல்லை என்று கோலாலம்பூரிலிருந்து வந்த மேலதிகாரியிடம் துரை சாதித்திருந்தார். அப்பேர்ப்பட்ட சாட்சியை விட முடியுமா? புருஷனுக்குக் கப்பல், பெண்டாட்டிக்குத் தோட்டம் என்று உத்தரவாயிற்று. அவள் அழுதாள், காலில் விழுந்தாள். வயிற்றில் இருப்பதையும் சேர்த்து எடை போட்டது நியாயமா என்று கேட்டாள். எண்ணுக்கு வயிறு தெரியாது என்றார் டிரசர்.

கப்பலுக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. பச்சை உடம்போடு, நாகையாவையும் இழுத்துக்கொண்டு, அவள் தராசடிக்கு வந்தாள்.

"இப்ப எடை போடுங்க அய்யா. நானும் தகுதி இல்லாதவதான். என்னையும் அவரோட அனுப்பிடுங்க."

எடை போட்டார். அவள் சொன்னது வாஸ்தவம்தான். இருந்த ஒரே சாட்சியும் போனால் துரைக்கு என்ன பதில் சொல்வது? ஆனாலும் படித்த மூளை கைவிடவில்லை. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு ஏறச் சொன்னார். ஏறினாள். கோட்டைத் தாண்டிவிட்டாள்.

வள்ளியம்மா இறங்கினாள். பிள்ளையை நாகையாவிடம் கொடுத்து, அவனைத் தராசில் ஏற்றினாள். கணக்குப் போடச் சொன்னாள். அவனும் தாண்டினான்.

"அப்ப இவரும் தகுதிதானே அய்யா? இங்கயே விட்டுடுங்க."

சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தன் ஊர்த் தமிழில் சொன்னார்.

"இஞ்ச பார் பிள்ளை. குழந்தை தாயின்ர உடம்பில இருந்து வந்தது. அந்த எடை தாய்க்குத்தான் சேரும். தகப்பனுக்குச் சேராது."

ஆகா, என்ன தெளிவு! நாகையா துறைமுகம் போகிற லோரியில் ஏறினான். அன்றைக்கே கப்பலும் போய்விட்டது.

பால் சுரக்காமல் பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. கூடுதலாகக் கொஞ்சம் அரிசி கேட்டு வள்ளியம்மா டிரசரிடம் வந்து நின்றாள். பிள்ளைக்கான பங்கு தகப்பன் பேரில்தான் வரும், தகப்பன்தான் இப்போது தோட்டத்தில் இல்லையே என்று அவர் மிகுந்த வருத்தத்தோடு விளக்கினார். தராசுக்குத் தாயின் பிள்ளை, அரிசிக்குத் தகப்பனின் பிள்ளை. வெறும் கொடுமைக்காரனுக்கு இதெல்லாம் தோன்றுமா? ஒரு பிள்ளையை இவ்வளவு ஒழுங்காகப் பட்டினி போட, மனுஷன் நாலெழுத்துப் படித்திருக்க வேண்டும்.