ஹெந்தகல ஹோல்ட்டை நான் காப்பாற்றிய விபரம்

ஹெந்தகல தோட்டம்,
12.03.1998

யட்டியாந்தோட்டையில் பேரும் புகழுமாய் வாழ்கின்ற என் மதிப்புக்குரிய மச்சான் ஞானமுத்து அவர்களுக்கு, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை அருமைநாயகம் எழுதிக்கொண்டது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் உங்கள் தங்கை செலினாவும் மகள் சரோனும் சுகம். ரயிலும் சுகம்.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இந்த ரயில் ஹோல்ட்ட மூடப் போறாங்களாம், சரோன எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க, அங்கயிருந்து படிக்கட்டும்" என்றீர்கள். காலையில் வேறு பஸ்ஸும் இல்லை, ஆறு இருபது ரயில் நிற்காவிட்டால் பிள்ளை ரம்புக்கனை ஸ்கூலுக்குப் போக முடியாது, ஏ.எல். உயர்தரப் படிப்பு அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். அதற்காக இருக்கிற ஒற்றைப் பிள்ளையை அனுப்பிவிட்டு நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதா? முதலில் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் ரப்பர் ஷீட் ஏற்றுவதற்கென்றே கேட்டு வாங்கிய நிறுத்தம் இது. ஒரு பெஞ்சு, ஒரு மணி, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் ஹலீம் நானா டிக்கட்டும் விற்பார், பால் போடாத பிளேன்டியும் விற்பார். உங்க ஊர்ல தண்டவாளத்தையே எப்பவோ புடுங்கிட்டுப் போயிட்டாங்க, நீங்க ரயிலப் பத்திப் பேசலாமா மச்சான்? கோவிச்சுக்காதீங்க.

விஷயத்துக்கு வர்றேன். போன மாசம் ஹலீம் நானா ஓடிவந்து, புதன்கிழமை ஒரு ரயில்வே இன்ஸ்பெக்டர் மாத்தயா வந்து எத்தனை பேர் ஏறுறாங்கன்னு பார்க்கப் போறாராம், ஆள் இல்லேன்னா மூடிருவாங்களாம்னு சொன்னார். தினமும் ஏறுறது சரோன் ஒருத்திதான். நான் அசருவேனா? லயம் லயமா வீட்டுக்கு வீடு போய், காலையில ஆறு மணிக்கு எல்லாரும் நல்ல உடுப்புல ஸ்டேஷனுக்கு வந்துருங்கன்னு சொல்லிட்டேன். வேலைக்காரங்க அந்த நேரம் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிருவாங்க, அதனால வந்ததெல்லாம் கிழடுகட்டையும் கைப்புள்ளக்காரிகளும். நாப்பத்தொரு பேர் மச்சான்! ஆனா நம்ம சனத்துக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டமா போறதுன்னா ஒண்ணே ஒண்ணுதான் தெரியும்: யாரோ குவைத்துக்குப் போறாங்க, வழியனுப்பணும். ரயில் வந்து நிக்குது, ஒரு ஆள் ஏறல. சரோன் படியில கால வச்சதுதான் தாமதம், பக்கத்து லயத்து இலட்சுமி அவளக் கட்டிப்புடிச்சு, "அடியே, படிக்கிற வயசுல உன்னைய வெளிநாட்டுக்கு அனுப்புறானே உங்கப்பன், அவன் உருப்படுவானா"ன்னு ஒப்பாரி வைக்கிறா. முத்துவீரன் தாத்தா நெத்தியில துன்னூறு பூசி, கையில முறுக்குப் பார்சலைத் திணிக்கிறார். "ஐயோ தாத்தா, நான் ஸ்கூலுக்குத்தான் போறேன்"னு இவ கத்துறா. "எல்லாரும் அப்பிடிச் சொல்லிட்டுத்தாம்மா போறாளுங்க"ன்னு அவரும் அழுவுறார். மாத்தயா கொப்பியில 'ஒன்று'ன்னு எழுதுறத நான் கண்ணால பார்த்தேன். கார்ட் பச்சைக் கொடியத் தூக்கிட்டார். விட்டேன் பாருங்க, பெரட்டுல ஆள் ஏவுற பழைய கணக்கப்பிள்ளைச் சத்தம்: "எல்லாரும் ஏறுங்க!" முப்பது வருசம் அந்தச் சத்தத்துக்குப் பழகின சனம், ஏன்னு கேக்காம ஏறிருச்சு. ரம்புக்கனையில எறங்கி, அஞ்சு மைல் நடந்தே திரும்பி வந்தாங்க, வழிநெடுக என்னைத் திட்டிக்கிட்டு. திட்டட்டும். நேத்து ரயில்வே பெரிய ஆபீஸ்லயிருந்து கடிதம் வந்திருச்சு, ஹோல்ட்டை மூட மாட்டாங்க!

ஆகவே சரோன் எங்கும் வரமாட்டாள் என்பதைப் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன். உங்களுக்கும் உங்கள் வீட்டு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும் வலியில்லாத முழங்காலும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
ச. அருமைநாயகம்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டப் போற நேரம் சரோன் அந்த ஆபீஸ் கடிதத்தோட ரெண்டாம் பக்கத்தையும் வாசிச்சா. இங்க ஏறுறவங்க பெரும்பாலும் வயசாளிகளும் கைக்குழந்தைத் தாய்மாரும்தான்னு இன்ஸ்பெக்டர் நேர்ல கண்டாராம். அவங்க வசதிக்காக, திங்கட்கிழமையிலிருந்து ஆறு இருபது நிக்காதாம், ஒன்பது நாப்பது நிக்குமாம். ஸ்கூல் ஏழரைக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவளப் பெட்டியோட கூட்டிக்கிட்டு பஸ்ல வர்றேன். மச்சான், என்னைப் பார்த்ததும் சிரிச்சிராதீங்க, தாங்கமாட்டேன். கட்டிக் குடுக்கிற சோத்துல பாதியத் திருப்பிக் கொண்டாருவா, அக்காவை அதட்டிச் சாப்பிட வைக்கச் சொல்லுங்க. சாப்பிட்டாளான்னு வாரம் ஒரு கடிதம் போடுங்க. செலினா கேக்கச் சொன்னா. நானுந்தான்.