அண்டமங்கலத்து ராஜாவும் அடிபம்பும்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் அரச பரம்பரையில் பிறந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு வழியில்லை. என் மனைவி முத்துத்தாய் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, நாளையிலருந்து தண்ணி எடுக்குறது ஒங்க வேலை. எனக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு."

அந்தக் கோடையில் வைகையில் மணல்தான் கரை புரண்டது. கோச்சடையில் எங்கள் தெருவுக்கே ஒரு அடிபம்பு. விடியுமுன் அடித்தால் தண்ணீர், வெயில் ஏறினால் வெறும் காற்று. எனக்கோ விடியற்காலைத் தூக்கம்தான் உயிர். அதை விட்டால் மில் ஆபீசில்தான் தூங்க வேண்டும். அங்கே ஏற்கெனவே தூங்குகிறவர்கள் அதிகம்.

"முத்து, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். எங்க பரம்பரையில ஆம்பளைங்க குடத்தைத் தொடக் கூடாது."

"எந்தப் பரம்பரை?"

"ராஜ பரம்பரை."

"எந்த ஊருக்கு ராசா?"

சட்டென்று பெயர் வரவில்லை. எதிரே காலி அண்டா தெரிந்தது.

"அண்டமங்கலம்."

பேப்பர் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டு மொக்கைச்சாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆள் சேர்ந்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது.

"அங்க மூணு கூட்டம். நாங்க குதிரைக்காரங்க. ஏர் பிடிக்கிறவங்க ஏர்க்காரங்க. ஊருக்கே தண்ணி சுமக்குறவங்க குடக்காரங்க."

"நீங்க குதிரைக்காரரா? சைக்கிள்லயே விழுந்து எந்திரிக்கிறீங்க!" என்றாள் முத்துத்தாய்.

"குதிரையில ஊறுன ரத்தம். சைக்கிள்ல ஒட்டாது."

"மாப்ள," என்றார் மொக்கைச்சாமி, "ராசா பட்டத்தை வேணாம்னு விட்டுட்டா?"

"விட்டவன் குடக்காரங்களோட சேந்து, சாகுற வரைக்கும் ஊருக்குக் குடம் சுமக்கணும். அம்புட்டுக் கண்டிப்பு!"

பேச்சு கம்பீரமாக இருக்கட்டும் என்றுதான் அதைச் சொன்னேன். முத்துத்தாய் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு நாளா ராசாவுக்கா கருவாட்டுக் குழம்பு ஊத்துனேன்? நீங்க தூங்குங்க. நானே போறேன்."

மறுநாள் விடியலில் குடத்தோடு அவளே போனாள். எட்டு மணி வரை தூங்கினேன். அடடா, வரலாறு எவ்வளவு நல்ல பாடம்!

அதற்கு அடுத்த விடியலில் வாசலில் கசகசவென்று சத்தம். தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடமும் கையுமாக நின்றார்கள். முன்னால் முத்துத்தாய். கையில் தட்டு, தட்டில் சந்தனம், சம்பங்கி மாலை, ஒரு துண்டு.

"வாங்க ராசா. அண்டமங்கலத்துல மொதத் தண்ணி ராசாதான அடிக்கணும்? அப்பத்தான ஊத்து வத்தாது?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க சொல்லாம எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் மாலை நிஜமான சம்பங்கி. ஊர்த் திருவிழாவில் யார் யாருக்கோ பரிவட்டம் கட்டுவதைக் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்தே வளர்ந்தவன் நான். முத்துத்தாய் அந்தத் துண்டை என் தலையில் கட்டியபோது, சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெண் குலவை வேறு போட்டாள். விறுவிறுவென்று பம்பை அடித்தேன். குடம் நிறைந்தது.

"ராசா கை பட்ட தண்ணி எனக்கும் ஒரு கொடம்!" என்றாள் ஒருத்தி.

"அப்ப நாங்க மட்டும் குடிமக்க இல்லையா?" என்றாள் இன்னொருத்தி.

தெரு முழுக்கக் குடிமக்கள். அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். முத்துத்தாய் வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்தாள். ராணி பம்பைத் தொட்டால் தீட்டாம்.

மறுநாள் சம்பங்கி மாலை இல்லை. அதற்கு மறுநாள் துண்டு துவைக்கப் போட்டிருந்தது. ஒரே வாரத்தில் மரியாதையெல்லாம், "ஏ ராசா, வெரசா அடிங்க, பிள்ளைக பள்ளிக்கூடம் போகணும்" என்ற அளவுக்கு வந்துவிட்டது. என் தோள்பட்டையும் கழன்றுவிட்டது. தூக்கம் போனது போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டேன். தண்ணிக்குக் கூப்பிட வந்தவளிடம் போர்வைக்குள் இருந்தபடியே அறிவித்தேன்.

"சர்க்காரே மன்னர் மானியத்தை ஒழிச்சிருச்சு. நானும் பட்டத்தை விட்டுட்டேன். இனிமே நான் ராஜா இல்லை!"

முத்துத்தாய் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"மொக்கைச்சாமி அண்ணே! பட்டத்தை விட்டவுக என்ன செய்யணும்னு அன்னைக்கு இவுக சொன்னாக?"

மொக்கைச்சாமி கொட்டாவியோடு பதில் சொன்னார். "சாகுற வரைக்கும் ஊருக்குக் கொடம் சுமக்கணும்மா. ரொம்பக் கண்டிப்பாம்ல."

அதுவரை நான் அடிப்பதோடு சரி. இப்போதெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கி வைப்பதும் நான்தான்.