மணி ஆச்சு, மணி அடிக்கவில்லை

டைரக்டர் பேசி முடித்ததும் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். அவர் மேஜைமேல் இருந்த நேரம் பார்க்கும் பெட்டியும் சுவரில் இருந்த மணியும் மட்டும் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

கூட்டத்தில் யார் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசினாலும் மணியடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவரே டைரக்டர்தான். "எனக்கும் சேர்த்துத்தான். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு" என்று கைதட்டலும் வாங்கியிருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் டாணென்று அடித்த மணி, அவருக்கு மட்டும் அடிக்க மறுத்தது.

பெட்டியைச் செய்தவர் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை, ஆர்க்கிடெக்ட் என்பார். வாடிக்கையாளர்கள் வரும் நாளில் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் தலைமை ஆர்க்கிடெக்ட் நாற்காலி அவருக்கு. இதை மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"ஒயர் ஏதும் லூஸா மாமா?" என்றான் பக்கத்து மேஜை மச்சான். மனைவியின் தம்பி, அதே அலுவலகம்.

"ஒயரா? நான் என்ன எலக்ட்ரீஷியனா? இது டைமர் இன்டரப்ட்டுடா. சிப்புக்குள்ள பல வேலை ஓடுது. ஒவ்வொண்ணும் ஒரு திரெட். நேரம் முடிஞ்சதும் டைமர் வந்து, 'எல்லாத்தையும் நிறுத்து, மணியை அடி'ன்னு குறுக்க பூரணும். எவனோ பூரவிடாம தடுக்கறான்."

"அக்காகிட்ட நீங்க குறுக்க பேசற மாதிரியா?"

"உன் வேலையப் பாரு."

மணிக்கு முதலுரிமை கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் கணக்கு அதிகாரி 'வணக்' என்றதுமே மணி அடித்தது. 'கம்' அவர் வாயிலேயே நின்றுவிட்டது. டைரக்டர் எழுந்தார். மணி கப்சிப்.

ஒன்றோடொன்று மோதாமலிருக்கத் திரெட்டுகளுக்கு நடுவே பூட்டுப் போட்டார். இரண்டு திரெட்டுகள் 'நீங்க போங்க', 'இல்ல, நீங்க போங்க' என்று மரியாதை பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டன. பெட்டி உறைந்து, அதிலிருந்த கடிகாரமும் நின்றது. அதைப் பார்த்த டைரக்டர், "இன்னும் நேரம் இருக்கே" என்று சாப்பாட்டு வேளை தாண்டியும் பேசினார்.

அவர் குரலில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிய ஆர்க்கிடெக்ட், பூட்டை எடுத்து, முதலுரிமையையும் குறைத்துவிட்டு, ஆளில்லாத கூட்ட அறையில் வயிற்றை முன்னே தள்ளிக்கொண்டு நின்றார். "நண்பர்களே! சுருக்கமா, ரெண்டே வார்த்தை..." ஐந்து நிமிஷம் இழுத்தார். டாண்!

கூடவே பின்னால் ஒரு கைதட்டல். கதவருகே டைரக்டர்.

"அருமை. யாரு இவரு?"

"எங்க... எங்க மாமனார் சார்."

"எங்கப்பாவா?" என்றான் டைரக்டருக்குப் பின்னால் வந்து நின்ற மச்சான்.

கடைசியில் ஆர்க்கிடெக்ட் தன் திருத்தங்களையெல்லாம் அழித்துவிட்டு, முதல்முதலில் எழுதிய புரோகிராமையே திரும்பப் போட்டார். அதற்குப் 'புதிய கட்டமைப்பு' என்று பெயர் வைத்தார்.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். டைரக்டர் எழுந்தார். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணு" என்று ஆரம்பித்து, தன் எளிமையைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

டாண்!

வந்தவர்கள் கைதட்டினார்கள். ஆர்க்கிடெக்ட் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். டைரக்டர் பாதி வாக்கியத்தோடு உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. "நாளைக்கு என்னை வந்து பாருங்க" என்றார்.

'நாற்காலி உறுதி' என்று மனைவிக்குச் செய்தி அனுப்பியபடியே வெளியே வந்தார் ஆர்க்கிடெக்ட். நடையில் டைரக்டரின் செகரட்டரி அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சார், பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நாளைக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், ஐயா எழுந்ததும் மேஜைக்கடியில மணி ஒயரைப் பிடுங்கி, உக்காந்ததும் சொருகறது என் வேலை, இன்னிக்குப் பாத்து மறந்துட்டேன்!"