மாப்பிள்ளை வாட்ச் என் கையில்

எனக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு தரம்தான். அதுவும் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில், கூடியிருந்த சனம் முழுக்கப் பார்க்க, ஒரு பல் டாக்டரிடம் கையை நீட்டிக்கொண்டு. மற்றபடி இன்றைக்கும் எங்கள் வீட்டில் குக்கர் கைப்பிடி ஆடினாலும் மிக்சி முனகினாலும், கடைக்குப் போகும் முன்னால் அது என்னிடம்தான் வரும். (வந்த பிறகுதான் கடைக்கே போக வேண்டியதாகிறது என்பாள் என் மகள். அவள் பேச்சை விடுங்கள்.)

அந்த மகள் மாலதியின் நிச்சயதார்த்தத்தில்தான் இது நடந்தது. மாப்பிள்ளை தினேஷ், பணக்காரர்கள் இருக்கிற பங்சாரில் பல் டாக்டர். நாங்கள் கிள்ளானைத் தாண்டி மேரு பக்கம். என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பெண் கேட்டு வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டு நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்தார். அந்த நுனியைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு நாங்க சுவிஸ் வாட்ச் போடுறோம் சம்பந்தி. வரிசைத் தட்டுல வச்சு, பொண்ணோட அப்பா கையாலயே கட்டிவிடுவாரு," என்றேன்.

சம்பந்தியம்மா நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாட்ச் அவருடையது. வேலையிலிருந்து நின்றபோது அவருடைய சீன முதலாளி ஆசையாகக் கொடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு லோரிக்கு டயர் மாற்றவா முடியும் என்று பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அன்று இரவு சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் பாக்கியம்."

"அதான் கேட்கல," என்றேன்.

வாட்சில் ஒரு குறையும் இல்லை. வார்தான் குறை. கறுப்பு வார், அதுவும் தோல். தேங்காய், வெற்றிலை, மஞ்சள், குங்குமம் இருக்கிற தட்டில், குத்துவிளக்குக்கு முன்னால், கறுப்புத் தோலை வைப்பார்களா? பொன் நிறத்தில் ஒரு செயின் போட்டுவிட்டால் தட்டே ஜொலிக்கும் என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளையின் கை அளவு வேண்டுமே! அடுத்த தடவை அவர் வீட்டுக்கு வந்தபோது, கோவில் கயிறு கட்டுகிறேன் என்று அவர் மணிக்கட்டில் ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டி, "அடடா, இது பழசு தம்பி, வேற கட்டுறேன்," என்று கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டேன். படித்த பிள்ளை. ஒன்றும் கேட்காமல் கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

அந்தக் கயிற்றையும், அகல அளவுக்குப் பழைய வாரையும் எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு கடிகாரக் கடைக்குப் போனேன். கடைக்கார சீனர் என் பையை எட்டிப் பார்த்தார்.

"வாட்ச் மானா, ஆன்டி?"

வாட்ச் எங்கே என்று மலாயில் கேட்கிறார். வீட்டில் என்றேன். சுவிஸ் வாட்சை வெளியே கொண்டுபோனால் உள்ளே இருக்கிற மெஷினை மாற்றிவிடுவார்கள் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். (யார் என்று கேட்காதீர்கள். எனக்கு நானே சொன்னதாகவும் இருக்கலாம்.)

"வாட்ச் பாவா சினி லா! நான் போடு, அஞ்சு நிமிட்!" என்று, அதை இங்கே கொண்டுவரச் சொல்லி, பாதி மலாயும் தெரிந்த தமிழுமாகக் கெஞ்சினார்.

"தாராப்பா, பரவாயில்ல, நானே போட்டுக்குவேன். இந்தக் கயிறு அளவுக்கு வெட்டிக் குடு, போதும்."

அவர் கயிற்றை நீட்டிப் பார்த்து, "ரொம்ப டைட், ஆன்டி," என்றார். "டாக்டர் கை, ஒல்லியாத்தான் இருக்கும்," என்றேன். செயினிலிருந்து கண்ணிகளைக் கழற்றிக் குறைத்து, குட்டிக் குட்டிப் பின்களோடு பையில் போட்டுக் கொடுத்தார். கூடவே எப்படி மாட்டுவது என்று படம் போட்ட ஒரு காகிதம். அதை ஏலக்காய் மடிக்க வைத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் மாட்ட நேரம் கிடைத்தது. அந்தப் பின் இருக்கிறதே, அது பின் இல்லை, வெட்டுக்கிளி. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை துள்ளும். ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் போனது, இன்னொன்று என் ஜாக்கெட்டுக்குள் போனது. தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் நெம்பி நெம்பி, கடைசியில் இரண்டு பக்கமும் டக்கென்று உட்கார வைத்துவிட்டேன். தட்டில் வைத்தேன். சும்மா ஜொலித்தது!

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கை வீசினால் கழன்று விழுமோ என்று ஒரு சந்தேகம். வீசிப் பார்க்கக் கை வேண்டும். வீட்டுக்காரர் வாழைப்பழம் வாங்கப் போயிருந்தார். என் கை சும்மாதான் இருந்தது.

மாப்பிள்ளையுடையது முருங்கைக்காய்க் கை. என்னுடையது அப்படி இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். 'க்ளக்' என்று பூட்டிக்கொண்டது. கையை வீசினேன், அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை. பிறகு கழற்றப் பார்த்தேன். பூட்டைத் திறக்கிற பொத்தான்கள் இரண்டும் சதைக்குள்ளே புதைந்து போயிருந்தன.

பழம் வாங்கி வந்த வீட்டுக்காரர் என் கையைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்தார். பிறகு லோரி காலத்துக் கம்பி வெட்டும் குறட்டை எடுத்து வந்தார்.

"ஐயோ, அது சுவிஸ்!" என்று கத்தினேன்.

"வாட்ச்ச வெட்டக்கூடாதுங்கிற. சரி. அப்ப வேற எதை வெட்ட?"

முகத்தில் பாதி மேக்கப்போடு மாலதி ஓடி வந்தாள். "என்னம்மா இது! அங்க அவங்கம்மா முதல்ல அந்த வாட்ச்சத்தான்மா தேடுவாங்க!" அழுதால் மை கரைந்துவிடும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே திட்டினாள். தேங்காய் எண்ணெய் தடவினோம். வாட்ச் பளபளத்ததுதான் மிச்சம்.

கையைத் தூக்கி வைத்தால் வீக்கம் வடியும் என்றார் வீட்டுக்காரர். மேருவிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை காரில் கையை உயர்த்திக்கொண்டே வந்தேன். நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் திரும்பக் கையாட்டினார். ஒரு பஸ்ஸே கையாட்டியது.

மண்டபத்தில் இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, வணக்கம் சொல்ல இரண்டு கை வேண்டும் என்பது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்து கும்பிட, நான் ஒற்றைக் கையை மார்புக்கு நேரே நிறுத்திக்கொண்டு, ஏதோ தேர்தலில் நிற்பவள் மாதிரி தலையாட்டினேன்.

"கைக்கு என்ன சம்பந்தி?" என்றார் சம்பந்தியம்மா.

"வாயு."

"வாயு கையிலயா வரும்?"

"எங்க பக்கம் வரும்," என்றேன்.

நல்ல மனுஷி. உடனே கைப்பையிலிருந்து தைலப் பாட்டிலை எடுத்தார். "இப்படிக் குடுங்க, நீவி விடுறேன்," என்று முந்தானையை விலக்கிவிட்டார். மண்டபத்து விளக்கு வெளிச்சம் முழுக்க என் கையில்தான் விழுந்தது.

"இது... மாப்பிள்ளைக்குன்னு சொன்ன வாட்ச் இல்ல?"

நாதஸ்வரம் கூட அந்த நேரம் பார்த்துத்தான் மூச்சு வாங்கியது. மாலதி மேடையில் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமே என் மணிக்கட்டில் தொங்கியது. வீட்டுக்காரர் என்றைக்கோ ஒருநாள், இதற்கு பேட்டரி கிடையாது, கை ஆடினால்தான் ஓடும் என்று சொன்னது அந்த நொடியில் ஞாபகம் வந்தது.

"ஆமா சம்பந்தி. இது கை சூட்டுல, ஆட்டத்துல ஓடுற வாட்ச். சும்மா வச்சா நின்னுடும். நல்ல காரியத்துல நின்னுபோன வாட்ச்ச வைக்கலாமா? நின்னுடக் கூடாதுன்னுதான் போட்டிருக்கேன்."

சம்பந்தியம்மா யோசித்தார். "அட, அதுவும் சரிதான்," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வார்த்தையில் மறுபடி போனது.

"சரி, கழட்டுங்க. தட்டுல வைக்கணும்ல?"

நான் இழுத்தேன். அவர் இழுத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து இழுத்தார். கடைசியில் மாப்பிள்ளையே மேடையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கழட்டத் தெரியலப்பா," என்றேன். அந்த வார்த்தை வெளியே வர என்ன பாடுபட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் என் கையை மடியில் வைத்து, "ரிலாக்ஸா இருங்க ஆன்டி. கொஞ்சம் வலிக்கும், உடனே முடிஞ்சிடும்," என்றார், கிளினிக்கில் பேசுகிற அதே குரலில்.

நான் வாயை ஆவென்று திறந்துவிட்டேன்.

"வாய் வேணாம் ஆன்டி, கை போதும்," என்றார். சதையை ஒதுக்கிப் பொத்தானை அமுக்கினார். 'க்ளக்.' அதே நொடியில் படம் பிடிப்பவரின் வெளிச்சமும் மின்னியது.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மாதான். பக்கத்தில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தைலப் பாட்டில் கையிலிருந்து உருண்டு போவதுகூடத் தெரியாமல் சிரித்தார். மண்டபமே சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரர் வாட்சைத் தட்டில் வைத்து, எடுத்து, மாப்பிள்ளை கையில் கட்டினார். அளவு கச்சிதம்! (அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.)

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் வாயைத் திறந்திருக்கும் அந்தப் படம் பங்சார் வீட்டுக் கூடத்தில் பெரிசாகத் தொங்குகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நான் சொன்ன சாக்குதான் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளையின் சட்டையை மாலதி எடுத்துப் போட்டுக்கொண்டால், "நின்னுடக் கூடாதுன்னு போட்டிருக்கேன்," என்கிறாள். கடைசி வடையை எடுக்கிற மாப்பிள்ளையும் அதையே சொல்கிறார்.

போன வாரம் சம்பந்தியம்மாவோடு கோவிலுக்குப் போயிருந்தேன். அவர் முதலில் கிளம்பிவிட்டார். நான் வெளியே வந்து பார்த்தால் என் புதுச் செருப்பைக் காணோம், அவருடைய பழசு கிடக்கிறது. போன் போட்டேன்.

"சம்பந்தி, என் சிலிப்பரைப் போட்டுக்கிட்டுப் போயிட்டீங்களா?"

"நின்னுடக் கூடாதுன்னுதான் சம்பந்தி," என்றார் அமைதியாக. போனை வைத்துவிட்டார்.

செருப்பு இன்னும் பங்சாரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.