திறமைசாலிகளை மட்டும் தாக்கும் வைரஸ்

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்றதும் உச்சுக்கொட்டாதீர்கள். வாழ்த்துங்கள். வந்திருப்பது உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வைரஸ். இருபது வருடமாக ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்க்கிற நானே மிரண்டுபோனேன் என்றால் அதன் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் சீட்டாடுவது என் வழக்கம். மூளைக்கு ஓய்வு வேண்டாமா? அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தபோது திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்தேன். அப்போதும் நகர்ந்தது. நேராக மூலைக்குப் போய் ஆட்டத்தையே மூடிவிட்டது.

இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினேன். மறுநாளும் வந்தது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்றினேன். ஏற்றி முடித்துச் சீட்டைப் பிரித்தேனோ இல்லையோ, வந்துவிட்டது! எனக்குப் புல்லரித்தது.

"இது காத்துலயே வருது!" என்று கத்தினேன்.

மனைவி சமையலறை வாசலில் புத்தகத்தோடு நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைமை நர்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள். மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிப்பு.

"மவுஸ்ல தூசி இருக்கும்ங்க."

"தூசியா? ஒரு அரசாங்கமே உட்கார்ந்து எழுதின வைரஸ் இது!"

"அந்த அரசாங்கத்துக்கு வேற வேலையே இல்லையா? உங்க சீட்டைக் கலைக்கவா இத்தனை பாடு?"

"ஆள் பார்த்துத்தான் வரும்."

"நான் உட்கார்ந்தா வருமா?"

உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் தேர்வு எழுதினாள். அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்டது.

"பார்த்தியா? திறமைசாலிங்களை மட்டும்தான் தாக்குது. உன்னை ஒரு ஆளாவே மதிக்கல!"

"நல்லதாப் போச்சு. அப்ப தினம் நானே உட்கார்றேன். நீங்க பத்திரமா இருங்க."

என்மேல் எவ்வளவு அக்கறை! மூன்று வாரம் அவள் கம்ப்யூட்டரில் படித்தாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கியபடி ஆராய்ச்சி அறிக்கை எழுதினேன். தினமும் ஐந்து நிமிடம் சோதனைக்காகச் சீட்டைப் பிரிப்பேன். அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். வைரஸ் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆபீசில் மேனேஜர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒயர் இல்லாம, நெட் இல்லாம வர்ற வைரஸா? யார்கிட்ட கதை விடுறீங்க?"

"கண்ணாலேயே காட்டுறேன் சார்."

"நாளைக்குப் பதினோரு மணி. எல்லாரையும் கூப்பிடுறேன். வந்துச்சுன்னா கம்ப்யூட்டர் பிரிவுக்கே நீங்கதான் தலைவர். வரலைன்னா இனிமே பிரிண்டருக்கு மை மாத்துற வேலைதான்."

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரை மூட்டை கட்ட ஆரம்பித்தேன். பதினெட்டுப் பக்க அறிக்கையை மேலே வைத்தேன். கடைசிப் பக்கத்தில் வைரஸுக்கு என் பெயரையே சூட்டியிருந்தேன்.

"எங்க கொண்டு போறீங்க?"

"ஆபீசுக்கு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் வைரஸ் வந்து ஆடும் பாரு!"

அவள் கிட்டே வந்தாள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை விட்டு நகக்கண் அளவில் ஒரு கறுப்புத் துண்டைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் அழித்து ஏற்றிய நான், அந்தப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. பிறகு உள்ளே போய், அடுப்பு மேடையிலிருந்து, அந்தத் துண்டுக்கு ஜோடியான, ஒயரே இல்லாத ஒரு மவுஸைக் கொண்டுவந்தாள். இரண்டையும் என் அறிக்கையின்மேல் வைத்தாள்.

"நாளைக்கு வைரஸ் வராதுங்க," என்றாள். "அதுக்குப் பத்து மணிக்குப் பரீட்சை."