களனிக் கரையில் ஏழு சனிக்கிழமைகள்

இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு கிலோமீற்றர் நடக்கப் போறன் எண்டு கொட்டாஞ்சேனை பிளாட்டில், கதிரையை விட்டு எழும்பாமலே அறிவிச்சன்.

காரணம் சீனி. தேத்தண்ணிக்குள்ள போடுற சீனி இல்லை, இரத்தத்துக்குள்ள தானாகவே வந்து குந்தின சீனி. டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்ட வயித்தைப் பார்த்தார், பிறகு என்னை விட்டிட்டு என்ட மனிசி அருள்நாயகியைப் பார்த்தார்.

"மிஸிஸ் நோபேட், இவர் நடக்க வேணும். ரெண்டு மாசத்தில குறையாட்டி ஊசிதான்."

வருத்தம் எனக்கு, கட்டளை அவவுக்கு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்ட முந்தியே திட்டம் ரெடி.

"காலமை அஞ்சு மணிக்கு என்னோட மொட்டை மாடிக்கு வாங்கோ. அம்பது சுத்து. செபமாலையும் முடியும், நடையும் முடியும்."

அஞ்சு மணிக்குச் சேவல்கூட யோசிச்சுத்தான் எழும்பும். அதுதான் நான் முந்திக்கொண்டன். எங்கட கப்பல் கந்தோரில பழைய கடதாசிக் கட்டுக்குள்ள ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. அட்டை கிழிஞ்சு போச்சு, எந்த வருசம் அடிச்சதோ தெரியாது. உள்ளுக்க "களனி ஆற்றங்கரையில் இலகுவான நடைப் பாதைகள்" எண்டு போட்டிருந்தது. செங்கல் சூளை, தும்பு மில், சரக்கு ஏத்தின தண்டவாளம், எண்ணெய் மில்லின்ட எண்பது அடிப் புகைபோக்கி, எல்லாம் அதில இருந்தது. எனக்குப் பிடிச்ச சொல் "இலகுவான" எண்டதுதான்.

"அருள், மொட்டை மாடியில சுத்துறது செக்கு மாடு. நான் சரித்திரத்துக்குள்ளால நடக்கப் போறன்."

"தனியவோ?"

"சரித்திரத்துக்குத் துணை எதுக்கு?"

சனிக்கிழமை விடிய சப்பாத்துப் போட்டு, தொப்பி போட்டு, தண்ணிப் போத்தலும் கட்டி எலகந்த பஸ் ஏறினன். ஹெந்தளையில இறங்கினன். நூற்றி இருபது அடி நடந்தன். அங்க மெல்ரோய் வீடு.

மெல்ரோய் என்னோட கந்தோரில இருந்து ரிட்டையரானவன். அவன்ட மனிசி றேணுகா கொள்ளுப்பிட்டியில ஒரு உடுப்புக் கடையில வேலை, சனிக்கிழமை ரெண்டு மணி மட்டும் வரமாட்டா. பின் வளவில ஜாம் பழ மரம், மரத்துக்குக் கீழ ரெண்டு கதிரை, கதிரைக்குப் பின்னால மொத்தமான செங்கல் மதில். அதில முதுகைச் சாய்ச்சால் குளிர் நேரா எலும்புக்குள்ள போகும். பன்றி இறைச்சிப் பொரியல், சுடச்சுடப் பாண், ரெண்டு போத்தல் பியர். சரித்திரம் இவ்வளவு ருசியா இருக்கும் எண்டு எனக்கு முந்தித் தெரியாது.

திரும்பி வரேக்க பஸ்ஸில புத்தகத்தில ஒரு பக்கம் பாடமாக்குவன். மத்தியானம் மனிசிக்கு ஒப்புவிப்பன்.

"எப்படி நடை?"

"என்னத்தைச் சொல்ல. நூறு வருசத்துச் செங்கல் சூளை. உள்ளுக்க நிண்டால் இப்பவும் சூடு அடிக்குது."

"நூறு வருசத்துக்குப் பிறகுமோ?"

"அந்தக் காலத்துச் சூடு, அருள்."

"ஓம், அப்ப எல்லாம் நல்ல சாமான்தானே" எண்டிட்டு எனக்குப் பாவக்காய்க் கறி போட்டா.

மூண்டாம் கிழமை உடுப்புத் தோய்க்கப் போனவ என்ட சேட்டை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு வந்தா.

"முதுகில என்ன இந்தக் கறுப்பு? போன கிழமையும் இருந்தது."

 மெல்ரோய் வீட்டு மதில் சேட்டில ஒட்டும் எண்டு நான் கவனிச்சதே இல்லை. ஆனா மூளை அந்த நேரம் வேலை செய்தது.

"கரி. புகைபோக்கிக் கரி. களைச்சுப் போய் அதில சாய்ஞ்சு நிண்டனான்."

"எண்ணெய் மில் புகைபோக்கியிலயோ?"

"அதிலதான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். உச்சியில பருந்து ஒண்டு கூடு கட்டியிருக்கு."

பருந்து புத்தகத்தில இல்லை. அது என்ட சொந்தச் சரக்கு. அருள்நாயகி அந்தச் சேட்டைப் பேசாமல் கொண்டு போய்த் தோய்ச்சா. கரியைக் கண்டும் ஏசாத மனிசியைக் கண்டால் எந்தப் புருசனும் ஓடித் தப்பியிருக்க வேணும். நான் பெருமையோட பேப்பர் பார்த்தன்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அவவுக்குப் பருந்துக் கதைதான் வேணும். நாலாம் கிழமை முட்டை போட வைச்சன். ஆறாம் கிழமை ரெண்டு குஞ்சு பொரிச்சுது. ஏழாம் கிழமை ஒண்டு செட்டை அடிச்சுப் பழகுது எண்டன். அதைச் சொல்லேக்க எனக்கே கண் கலங்கிச்சுது.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிய பாதர் அறிவித்தல் வாசிச்சார்.

"எதிர்வரும் சனிக்கிழமை களனிக் கரைக்கு எமது பங்கின் நடைப்பயணம் இடம்பெறும். நமது நோபேட் அவர்கள் வழிகாட்டுவார். எண்பது அடிப் புகைபோக்கியும் பருந்துக் குஞ்சுகளும் விசேட அம்சங்கள். சிறுவர்களும் பங்குபற்றலாம். பெயர்களைத் திருமதி அருள்நாயகியிடம் கொடுக்கவும்."

கோயிலில மூண்டு முறை ஓலை வாசிச்சு அறிவிச்ச கலியாணத்தைக்கூட நிப்பாட்டலாம். பாதர் வாசிச்ச அறிவித்தலை நிப்பாட்ட ஏலாது. வாசலில ஆளாளுக்கு என்ட கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்கள். வெட்கத்தில எனக்கு அழுகை வந்தது, அதைப் பக்தி எண்டு நினைச்சாங்கள்.

மெல்ரோய்க்குப் போன் அடிச்சன்.

"மச்சான், அந்தப் புகைபோக்கி உங்கட பக்கம்தானே? தூரத்தில இருந்தே தெரியுமோ?"

"நான் ஆத்துப் பக்கம் போயே பத்து வருசம், மச்சான்."

"உன்ட வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது உனக்குத் தெரியாதோ?"

"என்ட வீட்டுக்குள்ள இருக்கிறதே எனக்குத் தெரியாது. எல்லாம் றேணுகாதான்."

சனிக்கிழமை நாப்பத்தொரு பேர். அதில பதினாலு சின்னனுகள், எல்லாற்ற கழுத்திலயும் விளையாட்டு பைனாகுலர். முன்னால நான், கையில புத்தகம். முதலாவது கிலோமீற்றரிலயே மூச்சு வாங்கிச்சுது. செங்கல் சூளை கிடைச்சுது. பாதிச் சுவர்தான், அதுக்குள்ள ஆடு படுத்திருந்தது.

"சூடு எங்க அங்கிள்?" எண்டு ஒரு சின்னன் சுவரைத் தடவிப் பார்த்துது.

"மழை பெய்தது மகன், ஆறிப் போச்சு."

பிறகு ஆறு திரும்புற இடம். புத்தகத்தின்படி அந்த இடத்தில அண்ணாந்து பார்க்க வேணும். பார்த்தன். நாப்பத்தொரு பேரும் பார்த்தாங்கள். வானம் மட்டும்தான் இருந்தது. கீழ வாகனம் கழுவுற இடம் ஒண்டு. ஹோஸ் பிடிச்சுக்கொண்டு நிண்ட கிழவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்துச் சிங்களத்தில சொன்னார்.

"ஏக்க கடலா தெங் அவுருது துணக், மஹத்தயா."

உடைச்சு மூண்டு வருசமாம். நான் போன சனிக்கிழமை சாய்ஞ்சு நிண்ட புகைபோக்கி.

பாதர் என்னைப் பார்த்தார். இருபத்தெட்டு வருசம் எங்கட கோயிலில உண்டியல் எண்ண என்னை நம்பி விட்ட ஆக்கள் எல்லாரும் பார்த்தாங்கள். ஆத்துக்குள்ள பாயலாம் எண்டால் நீச்சல் தெரியாது. அப்பதான் அருள்நாயகி முன்னால வந்தா.

"இவர் புகைபோக்கியைக் காட்டத்தான் போறார். கொஞ்சம் நடக்க வேணும். வாங்கோ."

கால்வாய்க் கரையால கூட்டிக்கொண்டு போனா. எனக்கு வழி தெரியத் தெரிய நான் மெல்ல மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால போனன். மெல்ரோய் வீட்டுப் படலையில, கொள்ளுப்பிட்டியில நிக்க வேண்டிய றேணுகா நிண்டா.

"வாங்கோ அண்ணை, இண்டைக்கு லீவு போட்டனான். எல்லாருக்கும் தேத்தண்ணி இருக்கு."

பின் வளவில ஜாம் மரம், ரெண்டு கதிரை, மதில். மெல்ரோய் சாரத்தோட ஒரு மூலையில நிண்டான். றேணுகா கூட்டத்துக்கு விளக்கம் குடுத்தா.

"புகைபோக்கி உடைக்கேக்க கல்லை லோட் கணக்கில வித்தாங்கள். நான் பேரம் பேசி ரெண்டு லோட் எடுத்தனான். இந்த மதில் முழுக்க அதுதான். கரி இன்னும் போகேல்லை, தொட்டுப் பாருங்கோ."

பாதர் தொட்டுப் பார்த்து, விரலைப் பார்த்துத் தலையாட்டினார். மதிலில ஒரு இடம் மட்டும் கரி இல்லாமல் சிவப்பா இருந்தது. அளவு எடுத்துத் தைச்ச மாதிரி என்ட முதுகு.

நான் அருள்நாயகியின்ட காதுக்குக் கிட்டப் போனன்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"நான் செவ்வாய்க்கிழமை ஒண்டும் செய்யேல்லையே."

"நீங்கள் இல்லை. நானும் றேணுகாவும். இருபது வருசமா செவ்வாய்க்கிழமைப் பூசைக்குக் கொச்சிக்கடைக் கோயிலில ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில இருக்கிறம். பன்றி இறைச்சி எத்தினை கிலோ எண்டதுகூடத் தெரியும்."

சனிக்கிழமையைப் பற்றி நானும் மெல்ரோயும் எவ்வளவு யோசிச்சம். செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒருத்தனும் யோசிக்கேல்லை.

"அப்ப ஏன் ஏழு கிழமையும் பேசாமல் இருந்தனீர்?"

"பொய் எண்டால் கேட்டிருப்பன். நீங்கள் புகைபோக்கியிலதானே சாய்ஞ்சு இருந்தனீங்கள்."

அந்த நேரம் பைனாகுலரோட ஒரு சின்னப் பெட்டை வந்து அவவின்ட சாரியைப் பிடிச்சு இழுத்துது.

"ஆன்ட்டி, பருந்து எங்க?"

அருள்நாயகி என்னைத் தலையில இருந்து கால் மட்டும் ஆறுதலாப் பார்த்தா.

"இஞ்சதான் நிக்குது மகள். ஏழு கிழமை பன்றி இறைச்சி திண்டு பறக்க ஏலாமல் நிக்குது. திங்கக்கிழமையில இருந்து பறக்கப் பழகும்."

திங்கக்கிழமை காலமை, அருள்நாயகி அம்பது சுத்தை நூறாக்கி விட்டதால, மொட்டை மாடியில எண்பத்தி மூண்டாவது சுத்தில நான் மூச்சு வாங்கி மதிலைப் பிடிச்சு நிக்க, கீழ பள்ளிக்கூட வானுக்கு நிண்ட சின்னனுகள் அண்ணாந்து பார்த்து, பைனாகுலரை எடுத்துதுகள்.