இருட்டறையில் யாருக்கோ பசி

வயிறு முட்டத் தீனி போட்டு வைத்த செல்கள் திரையில் கறுப்பாகத்தான் கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் கண் விழித்திருந்தன.

ஆராய்ச்சியாளர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள். அவள் செல்லுக்குள் அனுப்பியிருந்தது இரண்டு மூலக்கூறுகள். பீப்பாய் வடிவத்தில் ஒன்று. அது செல்லின் செரிமானப் பையில் குடியிருக்கும். அந்தப் பீப்பாய்க்குள் கச்சிதமாகப் போய் உட்காருகிற இன்னொன்று, செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பில். பசி தாங்காமல் செல் தன் உறுப்பையே விழுங்கினால்தான் இரண்டும் சந்திக்கும். சந்தித்தால் சிவப்பு.

"அண்ணா, இதுக்குத் தீனி ஊத்தினீங்களா?"

"காலையிலயே ஊத்திட்டேன் மேடம்," என்றார் மைக்ரோஸ்கோப் ஆபரேட்டர். பருத்த உடம்பு, திரை வெளிச்சத்தில் முகம் மட்டும் வாடித் தெரிந்தது.

அவளே இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். சிவப்பு கூடியது.

அவை அவளுடைய கைத்தோலைச் சுரண்டி எடுத்து வளர்த்த செல்கள். கொஞ்ச நாளாகவே சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிக்கொண்டிருந்தது. காலையிலும் வெறும் டீயோடு ஓடி வந்திருந்தாள். 'என் பசியா அங்கே எரியுது?'

படித்தவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனாலும் நினைத்தாள். 'உள்ளே எதையும் உண்ணக் கூடாது' என்ற பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றாள்.

திரை மேலும் சிவந்தது.

மதியச் சோற்றையும் திறந்தாள். முட்டையைப் பிட்டதும் ஒரு செல் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஆபரேட்டர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையைத்தான் என்று அவள் நினைத்தாள்.

கணவன் போனில் வந்தான். "என்ன, வாய் நிறைய வெச்சுக்கிட்டுப் பேசற?"

"சாப்பிடறேன்."

"இன்னுமா?"

"அணையற வரைக்கும் சாப்பிடணும்."

"எது அணையற வரைக்கும்?"

"நான்தான்னு நினைக்கிறேன்," என்று சொல்லிப் போனை வைத்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே கடைசி வாழைப்பழத்தை உரித்தாள்.

திரையில் கறுப்பு என்று ஒரு பொட்டு மிச்சமில்லை. செல் வளர்த்த தட்டு முழுக்கத் தன்னைத் தானே தின்று ஜொலித்துக்கொண்டிருந்தது. அப்போது இருட்டில், மிக அருகில், நீளமாக ஓர் உறுமல் கேட்டது.

அவள் தன் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி நிறைந்திருந்தது. அங்கிருந்து சத்தம் வர வழியே இல்லை.

"அண்ணா... என்ன அது?"

ஆபரேட்டர் வாழைப்பழத்தைப் பார்த்தபடியே எச்சில் விழுங்கினார்.

"திட்டாதீங்க மேடம், உங்க செல்லு போன மாசமே பூஞ்சை பிடிச்சுச் செத்துப்போச்சு, இது என் தோலு, ஆஸ்பத்திரி டெஸ்ட்டுக்காக நேத்துலேர்ந்து நான் பட்டினி, நீங்க வேற எதிர்லயே உக்காந்து சாப்பிடறீங்க."